35 தாண்டிய நட்சத்திரம் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது: எங்கே போவார், எவ்வளவு வாங்குவார் என்று கணிப்பது எப்படி

ஜூன் கடைசி வாரம் வந்துவிட்டால், மும்பை மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானா கோர்ட்டானாலும் சரி, நாக்பாடாவானாலும் சரி, ஆட்டம் முடிந்ததும் பேச்சு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஃப்ரீ ஏஜென்சிக்கு, அதாவது ஒப்பந்தம் முடிந்தவர்கள் புது அணி தேடும் காலத்துக்குத் தாவிவிடும். ஒரு காலத்தில் எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்), ஆல்-ஸ்டார் என்று கொடிகட்டிப் பறந்தவர். இப்போது வயது 36, ஒப்பந்தம் முடிகிறது. யார் எடுப்பார்கள், எவ்வளவு தருவார்கள்? வாதம் பெரும்பாலும் அவர் சராசரியாக எத்தனை பாயின்ட் அடித்தார் என்பதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. கணிப்பு தவறுவதும் அதனால்தான். இந்த வயதில் ஒருவருடைய விலையை அவர் ஆட்டம் பாதிதான் தீர்மானிக்கிறது. அந்தக் கோடையில் எந்த அணியிடம் எந்த வகைப் பணம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. ஆகவே முதலில் அணிகளின் கணக்கு, பிறகு ஆட்டம், கடைசியில் காலண்டர் என்ற வரிசையில் போங்கள்.

30 அணிகளுக்கு 30 வரிசை கொண்ட ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அணிகளின் சம்பளப் பட்டியல், முழு ஆட்டங்களின் பதிவு, இரண்டு மூன்று மாலைகள். இவ்வளவு போதும். அமெரிக்கச் செய்திகள் மில்லியனில் பேசும். 10 மில்லியன் என்பது ஒரு கோடி. எல்லாவற்றையும் கோடி, லட்சம் டாலரில் எழுதிக்கொள்ளுங்கள். ரூபாய்க்கு மாற்றாதீர்கள், ஒப்பிடும்போது குழப்பும்.

முதலில் பணப்பை

2025-26 சீசனுக்குச் சாலரி கேப், அதாவது அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு, 15.46 கோடி டாலர். லக்சுரி டாக்ஸ் (அதிகச் சம்பளத்துக்கு அணி கட்டும் வரி) 18.79 கோடியில் தொடங்குகிறது. அதற்கும் மேலே, தாண்டினால் கட்டுப்பாடுகள் இறுகும் இரண்டு கோடுகள்: முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளமும் இந்த நான்கு கோடுகளில் எந்த இரண்டுக்கு நடுவே நிற்கிறது என்று ஸ்ப்ரெட்ஷீட்டின் முதல் பத்தியில் (நெடுவரிசையில்) குறியுங்கள். அடுத்த பத்தியில், வெளியிலிருந்து ஒருவரை எடுக்க அந்த அணியிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கேப்புக்குள் காலி இடம் இல்லாத அணிக்கு இருப்பது படிக்கட்டு மாதிரியான சில விதிவிலக்குத் தொகைகள் (எக்செப்ஷன்) மட்டும்தான்:

- நான்-டாக்ஸ்பேயர் மிட்-லெவல்: 1.41 கோடி டாலர், 4 வருடம் வரை. இதை எடுத்தால் அந்த சீசன் முழுக்க அணி முதல் ஏப்ரனைத் தாண்டவே முடியாது.
- ரூம் எக்செப்ஷன்: 87.8 லட்சம், 3 வருடம் வரை. கேப்பில் இருந்த காலி இடத்தைச் செலவழித்த அணிக்கு மட்டும்.
- டாக்ஸ்பேயர் மிட்-லெவல்: சுமார் 57 லட்சம், 2 வருடம் வரை. எடுத்தால் இரண்டாம் ஏப்ரன் மேல்கூரை ஆகிவிடும்.
- பை-ஆன்யுவல்: 51 லட்சம், 2 வருடம் வரை. அடுத்தடுத்த சீசன்களில் பயன்படுத்த முடியாது. முதல் ஏப்ரன் கட்டுப்பாடு இதற்கும் உண்டு.
- மினிமம்: 10 சீசன் ஆடி முடித்தவருக்கு 36.3 லட்சம். இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி வெளியாளுக்குத் தரக்கூடியது இது ஒன்றுதான்.

10 சீசனுக்கு மேல் ஆடியவருக்கு உச்சவரம்பு கேப்பில் 35 சதவீதம், அதாவது 5.41 கோடி. ஆனால் அதைத் தர வேண்டுமென்றால் காலி இடம் வேண்டும், அல்லது பழைய அணிக்குரிய பர்ட் உரிமை (கீழே வருகிறது) வேண்டும். கேப் எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அத்தனை சதவீதமே மேலே சொன்ன எக்செப்ஷன்களும் ஏறும்; வருடா வருடம் ஜூன் 30 அன்று புது எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மினிமத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மூத்த ஆட்டக்காரர் ஒரு வருட மினிமம் ஒப்பந்தம் போட்டால் அவர் கைக்கு 36.3 லட்சம் போகும். அணியின் கணக்கில் ஏறுவதோ 2 வருட அனுபவம் உள்ளவரின் மினிமமான சுமார் 23 லட்சம் மட்டும். வித்தியாசத்தை லீகே தருகிறது. வயதானவரைச் செலவு பார்த்து ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. இரண்டு வருடம் போட்டால் இந்தச் சலுகை போய்விடும், முழுத் தொகையும் கணக்கில் ஏறும். பெரிய பெயர்கள்கூட ஒரு வருடம், ஒரு வருடம் என்று நகர்வதற்குக் காரணம் அணிகளின் அவநம்பிக்கை மட்டும் இல்லை, இந்தக் கணக்கும்தான்.

பழைய அணியின் பிடி

மூன்று சீசன் ஒரே ஒப்பந்தத் தொடர்ச்சியில் இருந்தால், அதாவது நடுவில் வெய்வ் ஆகாமலும் (அணியால் விடுவிக்கப்படாமலும்) ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறாமலும் இருந்தால், பர்ட் உரிமை முழுமையாகக் கிடைக்கும். அப்போது பழைய அணி கேப்பைத் தாண்டியும் உச்சவரம்பு வரை தரலாம். இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருந்தாலும் தரலாம். இரண்டு சீசன் என்றால் முந்தைய சம்பளத்தில் 175 சதவீதம் வரை. ஒன்றே என்றால் 120 சதவீதம். டிரேடில் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில்) போனவருக்கு இந்த உரிமையும் கூடவே போகும்.

ஆகவே நட்சத்திரத்தின் பெயருக்கு எதிரே முதலில் எழுத வேண்டியது: பழைய அணிக்கு என்ன உரிமை, அதைப் பயன்படுத்த அதற்கு மனம் இருக்கிறதா. அவரை வைத்துக்கொள்ள நினைக்கும் அணியை விட்டு அவர் போனால் அந்தப் பணம் வேறு யாருக்கும் செலவழியாது, வெறுமனே மறைந்துவிடும். அதனாலேயே வெளியே 1.41 கோடிக்கு மேல் கிடைக்காத ஒருவருக்கு உள்ளே 3, 4 கோடி கிடைப்பதுண்டு. லெப்ரான் ஜேம்ஸ் 2025-26க்கான 5.26 கோடி பிளேயர் ஆப்ஷனை (இன்னொரு வருடம் தொடரலாமா என்று ஆட்டக்காரரே முடிவு செய்யும் உரிமையை) எடுத்துக்கொண்டதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே அந்தத் தொகையின் பக்கத்தில்கூட யாராலும் வர முடியாத கோடை அது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி சைன்-அண்ட்-டிரேடு. பழைய அணி ஒப்பந்தம் போட்டு அப்படியே மற்ற அணிக்கு அனுப்பும். ஒப்பந்தம் குறைந்தது 3 வருடம் இருக்க வேண்டும், முதல் வருடத்துக்காவது முழு உத்தரவாதம் வேண்டும், வாங்கும் அணி முதல் ஏப்ரனுக்குள் அடைபடும். 2024இல் கிளே தாம்சன் டல்லஸுக்கு 3 வருடம் 5 கோடிக்குப் போனதும், டிமார் டிரோசன் சாக்ரமென்டோவுக்கு 3 வருடம் சுமார் 7.4 கோடிக்குப் போனதும் இப்படித்தான். இருவருக்கும் அப்போது வயது 34. 36, 37இல் இந்த வழி அரிதாகிவிடுகிறது, மூன்று வருடம் என்ற சொல்லே அணிகளைத் தயங்க வைக்கும்.

நான்கு வருட ஒப்பந்தம் என்று வதந்தி வந்தால் உடனே பிறந்த தேதியைப் பாருங்கள். நான்கு அல்லது ஐந்து வருட ஒப்பந்தம் 38 வயதைத் தாண்டி நீண்டால், அந்தப் பிந்தைய வருடங்களின் சம்பளத்தைத் தள்ளிவைத்த ஊதியமாகக் கருதி முந்தைய வருடங்களின் கேப் கணக்கில் ஏற்றும் விதி இருக்கிறது. ஓய்வு பெறப் போகிறவருக்குப் போலியாக வருடங்களைக் கூட்டி கேப்பை ஏமாற்றக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. 36 வயதுக்காரருக்கு நான்கு வருடம் என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் நம்ப வேண்டியதில்லை.

ஆட்டத்தைப் பார்ப்பது

இதில் அவசரப்படாதீர்கள். ஹைலைட் கிளிப் பயன்படாது. 36 வயதிலும் எல்லோருக்கும் மூன்று நிமிட நல்ல கிளிப் தேறும். நான்கு முழு ஆட்டங்களை எடுங்கள்: அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவது, வேகமான இளம் கார்டுகள் (பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர்கள்) உள்ள அணிக்கு எதிராக ஒன்று, பிளேஆஃப் ஒன்று, ஜனவரியில் ஒரு சாதாரண ஆட்டம். நேரலையில் பார்த்தால் மும்பையில் விடியற்காலை; நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருப்பதால் பதிவே மேல்.

பந்து அவர் கையில் இருக்கும்போது எதிராளி ஸ்கிரீனுக்கு (சக ஆட்டக்காரர் உடலால் வைக்கும் மறிப்புக்கு) மேலே வருகிறாரா, அடியில் போகிறாரா என்று எண்ணுங்கள். அடியில் போனால் அவர் த்ரீயை (தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயின்ட் ஷாட்டை) பற்றி எதிரணிக்குப் பயமில்லை. அடுத்து, ட்ரைவ் (வளையத்தை நோக்கிய பாய்ச்சல்) எங்கே முடிகிறது? வளையம் வரை போகிறதா, ஃப்ரீ-த்ரோ கோட்டருகிலேயே ஃப்ளோட்டராக (உயரத் தூக்கிவிடும் ஷாட்டாக) நின்றுவிடுகிறதா? வயது முதலில் திருடுவது அந்தக் கடைசி ஒன்றரை அடியைத்தான். எண்ணில் அது தெரியும் இடம் ஃப்ரீ-த்ரோ: எடுத்த ஷாட்டுகளுக்கு எத்தனை ஃப்ரீ-த்ரோ என்ற விகிதத்தை மூன்று சீசனுக்கு வரிசையாக எழுதுங்கள். பாயின்ட் சராசரி அப்படியே இருந்து இந்த விகிதம் மட்டும் சரிந்துகொண்டே வந்தால், அடுத்த சீசனில் சராசரியும் சரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிஃபென்ஸில் பார்க்க வேண்டியது வேட்டை. பிளேஆஃப் ஆட்டத்தின் நான்காவது குவார்ட்டரை ஓட்டுங்கள். நம் ஆள் யாரைக் காக்கிறாரோ அந்த எதிராளியையே திரும்பத் திரும்ப ஸ்கிரீன் வைக்க அழைக்கிறார்களா? அழைத்தால், அவரை ஸ்விட்ச்சில் (காப்பவர்கள் ஆள் மாற்றிக்கொள்ளும்போது) இழுத்து எங்கள் சிறந்த ஆட்டக்காரரோடு தனியாக நிறுத்துங்கள் என்று எதிரணிப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது அவர் இடுப்பைக் கவனியுங்கள். எதிராளி முதல் அடி வைக்கும்போது இடுப்பு அவரோடு திரும்புகிறதா, கால் ஊன்றியபடி கை மட்டும் நீள்கிறதா? கை நீண்டால் அடுத்தது ஃபவுல், அல்லது கார்னரிலிருந்து உதவிக்கு வரும் தோழன் விட்டுவிட்டு வந்த ஆளுக்கு ஒரு வெறுமையான த்ரீ. ஐந்து முறையில் மூன்று முறை இது நடந்தால், கோப்பைக்குப் போட்டியிடும் எந்த அணியும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவரை நம்பிப் பணம் போடாது. பெஞ்சிலிருந்து 18 நிமிடம், அதற்கான விலை.

மூன்றாவது, பந்து இல்லாதபோது. இதற்குத்தான் நாங்கள் அதிக மதிப்பெண் கொடுப்போம். 15 வருடம் பந்தைக் கையில் வைத்தே ஆடியவர், நல்ல அணிக்குப் போனால் பந்து வேறொருவர் கையில் இருக்கும். கார்னரில் முழங்கால் மடக்கி, கை தயாராக நிற்கிறாரா? பந்து வந்த கணத்தில் எறிகிறாரா, பழக்கதோஷத்தில் பந்தை ஒருமுறை தரையில் தட்டித் தாளத்தைக் கெடுக்கிறாரா? கேட்ச்-அண்ட்-ஷூட் (பந்தைப் பிடித்ததும் எறிவது) சதவீதத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கின் சிக்கல் வேகமில்லை, 36 வயதிலும் அவரிடம் வேகம் இருந்தது. பந்து இல்லாதபோது எதிராளி அவரை விட்டுவிட்டு உள்ளே போய் நிற்பார் என்பதுதான். உயரமான ஷூட்டர்களுக்கு இந்த இடத்தில் வயது கருணை காட்டுகிறது. புரூக் லோபஸ் 37 வயதில் 2 வருடம் 1.8 கோடி ஒப்பந்தம் வாங்கினார்; ஆல் ஹார்ஃபர்டுக்கு 39இல் டாக்ஸ்பேயர் மிட்-லெவல் கிடைத்தது. இருவரும் பந்தைப் பிடித்து வைப்பதில்லை, வளையத்தைக் காப்பார்கள், வெளியிலிருந்து எறிவார்கள்.

உடல்நிலைக்கு, மூன்று சீசனில் ஆடிய ஆட்ட எண்ணிக்கையோடு, அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் எத்தனையைத் தவிர்த்தார் என்றும் எண்ணுங்கள். லீக்கின் அதிகாரபூர்வ காய அறிக்கை தினமும் வெளியாகிறது, அதில் காரணமும் இருக்கும். விரல் முறிவு பெரிய விஷயமில்லை. கெண்டைக்கால், தொடைத் தசை என்று அதே வார்த்தை மூன்று முறை வந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் போட்ட ஒப்பந்தம் எப்படிப் போகும் என்பதற்குப் பால் ஜார்ஜ் கணக்கு இருக்கிறது: 34 வயதில் 4 வருடம் 21 கோடிக்கு மேல், முதல் சீசனில் ஆடியது 41 ஆட்டம்.

மனம், ஊர், பாத்திரம்

கிறிஸ் பாலின் மூன்று வருடங்களை அடுக்கிப் பாருங்கள். 2023-24இல் கோல்டன் ஸ்டேட்டில் சம்பளம் 3 கோடிக்கு மேல். 2024 ஜூன் 30 அன்று வெய்வ். சான் அன்டோனியோ ஒரு வருடத்துக்கு 1 கோடிக்குச் சற்று மேல் கொடுத்தது. 39 வயதில் 82 ஆட்டமும் ஆடினார். அதற்கடுத்த கோடையில் கிளிப்பர்ஸில் மினிமம், 36 லட்சம். 82 ஆட்டம் ஆடியவருக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு? குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸில், அங்கேயே ஆட விரும்பினார். ஊரை ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்தால் விலையை அந்த ஊர் அணியின் மிச்சப் பணம் தேர்ந்தெடுக்கும். அந்த டிசம்பரிலேயே கிளிப்பர்ஸ் அவரை அணியிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பியது. பொருத்தம் என்பதை எந்தப் பத்தியிலும் எண்ணாக எழுத முடியாது. ஆனாலும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அந்தப் பத்தியில் எழுத வேண்டிய கேள்வி, பெஞ்சிலிருந்து வர அவர் சம்மதிப்பாரா. ஆலன் ஐவர்சன் 2009இல் மெம்ஃபிஸில் மூன்றே ஆட்டத்தில் கிளம்பினார், காரணம் இதுதான். கார்மெலோ ஆன்டனி 2018இல் ஹூஸ்டனில் பத்து ஆட்டத்தோடு நின்று, ஒரு வருடம் அணி இல்லாமல் இருந்து, 2019 நவம்பரில் போர்ட்லண்டில் உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அடுத்த சீசனில் பெஞ்சிலிருந்து வர ஒப்புக்கொண்டார், 2022 வரை ஆடினார். அதே ஆட்டக்காரர், அதே ஜம்ப் ஷாட், மாறியது பாத்திரம். பேட்டிகளில் இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, போன சீசனில் பெஞ்சில் உட்காரவைத்த ஆட்டங்களில் முதல் இரண்டு நிமிடம் எப்படி ஆடினார் என்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்பனை ஆள்: வயது 36, கார்டு, 15 சீசன், போன சம்பளம் 2.8 கோடி, பழைய அணி இளைஞர்களை வளர்க்கும் திட்டத்தில் இறங்கிவிட்டது. பழைய அணியின் பர்ட் உரிமை பேருக்குத்தான். மேலும் அந்த உரிமையை வைத்திருக்கும்வரை அவர் பெயரில் முந்தைய சம்பளத்தின் 150 சதவீதம், அதாவது 4.2 கோடி, கேப் ஹோல்டாக நிற்கும். காலி இடம் தேவைப்பட்டால் உரிமையைத் துறந்துவிடுவார்கள். ஆக அந்த வரிசையை அடித்துவிடலாம்.

மீதி 29. காலி இடம் உள்ளவை பெரும்பாலும் தோற்கும் அணிகள். அவற்றுக்கு 36 வயது கார்டு எதற்கு? சான் அன்டோனியோ கிறிஸ் பாலை எடுத்ததுபோல, இளம் நட்சத்திரத்துக்குப் பந்து கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் தேடும் அணி ஒன்றிரண்டு இருக்கலாம், அவற்றை மட்டும் வையுங்கள். முழு மிட்-லெவல் உள்ள அணிகளில், அதை 27 வயது விங்குக்கு (பக்கவாட்டில் ஆடுபவருக்கு) செலவழிக்கப் போகிறவற்றை அடியுங்கள். ஏற்கெனவே இரண்டு கார்டுகள் 30 நிமிடம் ஆடும் அணிகளையும் அடியுங்கள். எஞ்சுவது ஐந்தாறு, அவற்றில் பெரும்பாலானவை ஏப்ரன்களுக்கு அருகில், 57 லட்சமோ 36 லட்சமோ கையில் வைத்துக்கொண்டு. 2.8 கோடியிலிருந்து 57 லட்சத்துக்கு ஒரே இரவில் இறங்குவது ஏன் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே விளங்கும். அந்த ஐந்தாறில் கேட்ச்-அண்ட்-ஷூட்டும் டிஃபென்ஸும் தாங்குமானால் 57, இல்லையென்றால் 36 என்று எழுதுங்கள்.

வெளியேற்றப்பட்டவருக்குக் கணக்கு வேறு. டேமியன் லில்லர்ட் குதிகாலின் அக்கிலிஸ் தசைநார் கிழிந்த நிலையில் 2025 ஜூலையில் மில்வாக்கியால் வெய்வ் செய்யப்பட்டார். மிச்சம் இருந்த 2 வருடத்தை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டி, அந்தச் சம்பளத்தை 5 வருடங்களுக்கு நீட்டினார்கள். அந்தப் பணம் வந்துகொண்டே இருக்கும்போது போர்ட்லண்டில் 3 வருடம் 4.2 கோடிக்குக் கையெழுத்திட்டார். பழைய காசு வரும் ஆள் குறைந்த தொகைக்கும் சம்மதிப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

காலண்டர்

சொந்த அணியோடு பேச்சு ஃபைனல்ஸ் முடிந்த மறுநாளே தொடங்கலாம். ஆப்ஷன் முடிவுகள் ஜூன் கடைசி நாட்களில். இதில் ஏஜென்ட் தப்புக்கணக்கு போட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்: வெஸ்ட்புரூக் 2025இல் டென்வரின் சுமார் 35 லட்ச ஆப்ஷனை வேண்டாமென்று வந்து, அக்டோபர் வரை காத்திருந்து, சாக்ரமென்டோ கிங்ஸில் மினிமத்துக்குச் சேர்ந்தார். 2019 அக்டோபரில் வொர்லி டோமில் கிங்ஸ் ஆடியதைப் பார்த்து அந்த அணியைப் பிடித்துக்கொண்ட மும்பைக்காரர்கள் இந்த வகை ஒப்பந்தங்களை நிறையவே பார்த்துவிட்டார்கள்.

மற்ற அணிகளுடன் பேச்சு நம் நேரம் ஜூலை 1 விடியற்காலை 3.30க்குத் திறக்கும். கையெழுத்து ஜூலை 6 இரவு 9.30க்குப் பிறகு. முதல் இரண்டு நாளில் பெயர் வரவில்லையென்றால் மிட்-லெவல் பத்தியை மறுபடி நிரப்புங்கள், பாதி காலியாகியிருக்கும். "மூன்று அணிகள் ஆர்வம்" என்ற செய்தி ஏஜென்ட் பக்கத்திலிருந்து வருவது. அந்த மூன்றிடமும் என்ன தொகை இருக்கிறது என்று உங்கள் தாளில் பாருங்கள். ஆனால் தாமதம் என்றாலே யாரும் கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஹார்ஃபர்டின் ஒப்பந்தம் அக்டோபர் தொடக்கம் வரை இழுத்தது, கோல்டன் ஸ்டேட் ஜொனாதன் குமிங்காவின் ஒப்பந்தத்தை முடிக்கும்வரை எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாததால்தான்.

சீசன் தொடங்கிய பிறகு மூன்று தேதிகள். டிசம்பர் 15 முதல், கோடையில் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோரை டிரேடு செய்யலாம். ஜனவரி 10 அன்று உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தங்கள் அந்த சீசனுக்கு உறுதியாகும். வெய்வரில் 48 மணி நேரம் கழிய வேண்டும் என்பதால் கழற்றிவிட நினைக்கும் அணி ஜனவரி 7க்குள் செய்துவிடும், அந்த வாரம் மினிமத்தில் இருக்கும் மூத்தவர்களின் பெயரைத் தினமும் பாருங்கள். மார்ச் 1க்குப் பிறகு வெய்வ் ஆனவர் புது அணிக்குப் பிளேஆஃப் ஆட முடியாது. சீசன் நடுவே பைஅவுட் ஆனவரின் (அணியோடு பேசித் தீர்த்துக்கொண்டு வெளியேறியவரின்) பழைய சம்பளம் 1.41 கோடி மிட்-லெவலுக்கு மேல் இருந்திருந்தால், முதல் ஏப்ரனைத் தாண்டிய அணிகள் அவரை எடுக்கவே முடியாது. உங்கள் பட்டியலிலிருந்து அந்த அணிகளை அடித்துவிட்டுத் தேடுங்கள். எந்த அணியிலும் சேராமல் வீட்டில் இருக்கும் நட்சத்திரத்துக்கு இந்த மார்ச் 1 தடை கிடையாது, வழக்கமான சீசனின் கடைசி நாள் வரை அவர் கையெழுத்திட்டுப் பிளேஆஃப் ஆடலாம்.